சொகுசு எஸ்யூவியில் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் லேசான வேலையா, ஒரு நாளையே விழுங்கும் வேலையா என்பதை எஞ்சின்தான் முடிவு செய்யும். 2022 மாடல் வரை வந்த லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350 மாதிரி வி6 எஞ்சினை (இரு பக்கமும் மூன்று மூன்றாக ஆறு சிலிண்டர்) குறுக்காக வைத்த வண்டிகளில் முன்பக்க 3 பிளக் கைக்கெட்டும், பின்பக்க 3 பிளக் எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேனிஃபோல்டின் மேல்பாகத்தைக் கழற்றாமல் நடக்காது, இணைப்பில் கசியாமல் தடுக்கும் புது கேஸ்கெட்டை முன்னாடியே வாங்கிவிடுங்கள், திறந்த துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள், ஒரு நட்டு உள்ளே விழுந்தால் கதை கந்தல்.

எஞ்சின் முழுசாக ஆறட்டும். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் மரை போய்விடும். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை எடுத்ததும் பிளக் இருக்கும் குழிக்குள் காற்று அடித்து மண்தூசியை வெளியேற்றிவிட்டு அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அத்தனையும் சிலிண்டருக்குள்தான் போகும். புது பிளக்கை ஒரு ரப்பர் குழாய் முனையில் செருகி விரலால் திருப்பி ஏற்றுங்கள்; மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிக் காட்டிக்கொடுக்கும், ராட்செட் காட்டாது. கடைசி இறுக்கம், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், மேனுவலில் உள்ள அளவுக்கு மட்டும்.

இரிடியம் பிளக்கின் நுனி ரொம்ப மெல்லியது, தீப்பொறி தாவும் இடைவெளியைச் சரிசெய்கிறேன் என்று நெம்பாதீர்கள். சரி, குழிக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால்? பெரும்பாலும் எஞ்சினின் மேல்மூடியான வால்வ் கவர் பக்கத்து சீல் கசிகிறது, அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.