நிலத்தை விற்க வேண்டாம், முதலில் வருமானச் சான்றிதழ் வாங்குங்கள்

ஐயா, ஆண்டுக்கு மூன்று லட்சம் கடை வருமானத்தில் ஐஐடியெல்லாம் கட்டுப்படியாகாது என்று எழுதிவிட்டு, பக்கத்து ஊர் தனியார் கல்லூரியில் மகளுக்கு மேனேஜ்மென்ட் சீட் வாங்க நிலத்தை விற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிலத்தைத் தொடாதீர்கள்.

ஐஐடியில் பி.டெக். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம், உண்மைதான். ஆனால் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் அது முழுக்கத் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்கள் என்றால் வருமானமே பார்க்காமல் முழுக்கத் தள்ளுபடி. உங்களுக்கு வருவது சுமார் 67,000 ரூபாய். விடுதி, மெஸ் செலவு தனி. அதற்குக் கடன் தேவைப்பட்டால், 2024 நவம்பரில் ஒப்புதலான மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தில் சொத்து அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கேட்கலாம்.

ஐஐடிக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டாம். மகளுக்குக் கணக்கு என்றால் உயிர் என்கிறீர்கள், அப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று ஒன்று இருப்பதே தெரியாமல் போவதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். அங்கே கொல்கத்தாவில் பி.ஸ்டாட். என்ற புள்ளியியல் பட்டப்படிப்பு, பெங்களூரில் பி.மேத். என்ற கணிதப் பட்டப்படிப்பு, இரண்டுக்கும் கல்விக் கட்டணம் கிடையாது, ஒழுங்காகப் படித்து வந்தால் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நுழைவுத் தேர்வு சுலபமில்லை; விடையைக் குறித்தால் மட்டும் போதாது, ஏன் அப்படி என்று படிப்படியாக நிறுவி எழுதச் சொல்லும் தாளும் இருக்கும். பழைய வினாத்தாள்களை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து, இந்த வாரமே நாலு கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் அமையாவிட்டாலும் சென்னையில் கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கிறது. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரி சலுகை கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரலாம், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். (ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் பி.எஸ். படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை, வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம், ஆனால் அது பி.டெக். ஆகாது.)

சரி, இப்போது உங்கள் வேலை இ-சேவை மையம் போவது. வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பொருந்தினால் முதல் பட்டதாரி சான்றிதழ், மூன்றுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கவுன்சிலிங் நேரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.