கேன் டீசலா, பம்ப் கோளாறா? வாரண்டி மறுக்கப்பட்டால் எதை நிரூபிக்க வேண்டும்

கேள்வி: நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்கிறேன். ஒன்றரை ஆண்டுக்கு முன் 17 லட்சம் ரூபாய்க்கு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை எங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்கினேன். சென்ற ஜூலையில் குடும்பத்தோடு மணாலியிலிருந்து லே செல்லும்போது, பாங் என்ற இடத்தைக் கடந்ததும் இழுவை குறைந்து, மோரே சமவெளியில் வண்டி நின்றுவிட்டது. மாமனாருக்கு மூச்சுத்திணறல் வந்து பெரும் அவதிப்பட்டோம். வழியில் கிடைத்த மெக்கானிக் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தும் பயனில்லை. லே வரை கட்டி இழுத்துச் சென்றோம். அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஹை பிரஷர் பம்பையும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றி 2.9 லட்சம் ரூபாய் வாங்கினார்கள். கலப்பட டீசல்தான் காரணம் என்று வாரண்டியை மறுத்துவிட்டார்கள். தாண்டி என்னும் ஊரில் உள்ள பங்க்கில் டேங்க்கை நிரப்பியிருந்தேன்; பிறகு பாங்கில் ஒரு தாபாவில் கேனில் இருந்த 10 லிட்டரையும் வாங்கி ஊற்றினேன். தயாரிப்பு நிறுவனம், டீலர், பங்க், இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகிய நால்வர் மீதும் வழக்குப் போட்டு, புது வண்டியும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடும் கேட்க விரும்புகிறேன். உதிரிபாக விலையில் பாதியைத் தருவதாக நிறுவனம் சொல்வது என்னை அவமதிப்பதாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கக் கடிதத்தையும் இணைப்புகளையும் முழுமையாகப் படித்தேன். மேலே இருப்பது அதன் சுருக்கம். மாமனாரின் மூச்சுத்திணறல், டீலர் ஷோரூமில் உங்களைப் பார்த்துச் சிரித்த மேலாளர், விளம்பரத்தில் இதே வண்டி லடாக் மலையேறுவதாகக் காட்டியது ஆகியவற்றுக்குக் கடிதத்தில் மூன்று பக்கங்களை ஒதுக்கியிருக்கிறீர்கள். வழக்கில் அவை மூன்று வரிகளுக்கு மேல் தேறமாட்டா. வண்டியைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்று நிறுவனம் வாதிட்டால் அதற்குப் பதிலாக விளம்பரத்தைக் காட்டலாம். அதற்கு மேல் அதனால் பயனில்லை. கேனில் டீசல் வாங்கியது குற்றமாகிவிடுமோ என்ற உங்கள் அச்சமும் தேவையற்றது. பெட்ரோலியச் சட்டத்தின் கட்டுப்பாடு பெட்ரோலுக்குத்தான் கடுமையானது. விற்பனைக்கு அல்லாமல் சொந்தப் பயன்பாட்டுக்குச் சிறிதளவு டீசல் வைத்திருக்க உரிமம் தேவையில்லை.

உங்கள் வழக்கில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பழுது பாங்குக்கு முன்பே தொடங்கியதா, அதற்குப் பிறகா? பிறகு என்றால், கேன் டீசலைச் சுட்டிக்காட்டிவிட்டு நிறுவனம் ஒதுங்கிக்கொள்ளும். முன்பே என்றால், கேனில் என்ன இருந்தது என்ற கேள்வியின் முக்கியத்துவம் பெரிதும் குறைந்துவிடும். இதற்கான விடை உங்கள் இணைப்புகளிலேயே இருக்கிறது, ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு திருப்பூரில் 20,000 கிலோமீட்டர் சர்வீஸ் செய்த ஜாப் கார்டில், வாடிக்கையாளர் புகார் என்ற பகுதியில் ‘காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், ஏற்றத்தில் இழுவைக் குறைவு’ என்றும், அதன் கீழே ‘டீசல் ஃபில்டர் மாற்றப்பட்டது, சரி’ என்றும் டீலரின் ஆள் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். உங்கள் வழக்கின் உயிர் அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. அசல் தாளை லேமினேட் செய்யாமல், மடிக்காமல் பத்திரப்படுத்துங்கள். அன்று ஸ்கேனர் போட்டுப் பார்த்திருந்தால், எரிபொருள் அழுத்தக் குறைவுக்கான பிழைக் குறியீடு எதுவும் பதிவாகியிருந்ததா என்று டீலரிடம் மின்னஞ்சல் மூலம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டதை எவரும் பின்னர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

அந்த வரிகள் ஏன் முக்கியம் என்பதை வண்டியின் அமைப்பு விளக்கும். காமன் ரெயில் எஞ்சினில், அதாவது ‘ரெயில்’ என்னும் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் உயர் அழுத்த டீசல் செல்லும் எஞ்சினில், ஹை பிரஷர் பம்புக்கு உராய்வு தடுக்கும் எண்ணெயாக இருப்பதும் அதனுள் ஓடும் டீசல்தான். டீசலில் தண்ணீர் கலந்தால் அந்தப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தோடு உரசும். பம்ப் உள்ளிருந்தே தேயத் தொடங்கினாலும் முடிவு கிட்டத்தட்ட அதேதான்: உதிரும் உலோகத் துகள் ரெயில் வழியே இன்ஜெக்டர்களுக்குள் போய் அவற்றையும் கெடுக்கும். ஆகவே நான்கு இன்ஜெக்டர்களும் கெட்டுப்போயின என்பதால் மட்டுமே கலப்பட டீசல் என்று ஆகிவிடாது. மோரே சமவெளியில் மெக்கானிக் ஃபில்டரிலிருந்து வடித்த டீசலை வெட்டிய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி நீங்கள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடியில் தனியாகப் பிரிந்த நீர் அடுக்கு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வெள்ளியைப் போல் மின்னும் தூள் தெரிகிறது. நான் பொறியாளர் அல்லன். எனவே அந்தப் படத்தையும் ஜாப் கார்டையும் எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூரில் டீசல் பம்ப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவரையோ, பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் பேராசிரியர் ஒருவரையோ பாருங்கள். தெரிந்த மெக்கானிக் கொடுக்கும் கடிதம் குறுக்கு விசாரணையில் நிற்காது. படம் எடுத்த அந்தக் கைப்பேசியை மாற்றவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழைப் பின்னர் நீங்கள்தான் தர வேண்டியிருக்கும்.

இனி, உங்களை நீங்களே சிக்கவைத்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது கோபம் வரலாம். வாரண்டி வழக்குகளில் என் கட்சிக்காரர்கள் தோற்றதற்கு எதிர்த்தரப்பின் சாமர்த்தியத்தைவிட, அவர்கள் தாங்களே எழுதிய கடிதங்கள்தான் அதிகம் காரணமாக இருந்திருக்கின்றன. லேயில் இருந்தபோதே எண்ணெய் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு, ‘தாண்டி பங்க்கில் தண்ணீர் கலந்த டீசல் ஊற்றியதால் என் வண்டி பழுதாகிவிட்டது’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். ஊர் திரும்பியதும் இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவத்தில், ‘சாலையை அறுத்து ஓடிய நீரோடையைக் கடக்கும்போது நீர் புகுந்து பழுது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த மாதம் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பிய நோட்டீஸில், ‘பம்பில் தயாரிப்பின்போதே இருந்த மூலக் கோளாறு’ என்கிறீர்கள். ஒரே பழுதுக்கு மூன்று மாதங்களில் மூன்று காரணங்கள், மூன்றிலும் உங்கள் கையெழுத்து. நிறுவனத்தின் வழக்கறிஞர் வேறு சான்று எதையும் தேட வேண்டியதில்லை. உங்கள் முதல் மின்னஞ்சலை எதிர்வாத உரையோடு இணைத்து, ‘காரணத்தை மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார்’ என்று ஒரே பத்தியில் முடித்துவிடுவார்.

இந்த நிலையில் நால்வரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். பங்க்குக்கு எதிராக டீசல் கெட்டது என்றும், நிறுவனத்துக்கு எதிராக டீசல் நல்லது, பம்ப்தான் கெட்டது என்றும் ஒரே மனுவில் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். மாற்று வாதத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் நுகர்வோர் ஆணையம் சுருக்கமாக விசாரிக்கும் இடம். சிக்கலான உண்மைப் பிரச்சினை, விரிவான சாட்சியம் தேவை, உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்க என்று மனுவைத் திருப்பி அனுப்ப ஆணையத்துக்கு நீங்களே வழி செய்து கொடுத்துவிடுவீர்கள். மேலும், பங்க்குக்கு எதிராக உங்களிடம் எந்தச் சான்றும் இல்லை. 2005-ஆம் ஆண்டு மோட்டார் ஸ்பிரிட் மற்றும் அதிவேக டீசல் ஒழுங்குமுறை ஆணையின்படி அதிகாரி முத்திரையிட்டு எடுத்த மாதிரி இல்லை, அன்றைய அடர்த்தி அளவைக் கேட்டுக் குறித்து வைக்கவும் இல்லை. பில் மட்டும் இருக்கிறது. பங்க்கை விட்டுவிடுங்கள். தாபாக்காரரைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்தையும் விட்டுவிடுங்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில் இயந்திரப் பழுது, தேய்மானம் ஆகியவை தெளிவாக விலக்கப்பட்டுள்ளன. எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு எதுவும் உங்கள் பாலிசியில் இல்லை. நீரோடைக் கதை நடக்காத ஒன்று என்றால், அந்தக் கிளெய்மை இன்றே எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். அது தவறான தகவல் தந்ததாகவும் மாறக்கூடும். நடந்தது என்றால், அதை எனக்கு எழுதிய கடிதத்தில் ஏன் மறைத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். கேன் டீசல் விஷயத்தையும் மறைக்க வேண்டாம். லே ஜாப் கார்டில் அது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல் இருந்தபோது, தாண்டியில் வைத்திருக்கும் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்ற பலகைக்குப் பயந்து நீங்கள் அதை வாங்கியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். அந்தப் பலகை பலரைப் பயமுறுத்தியிருக்கிறது.

நிறுவனத்தின் பக்கமும் வலுவாக இல்லை என்பதுதான் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆறுதல். முதல் பதிலில், குளிரில் டீசல் உறைந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். லடாக்கின் உறைபனிக் காலத்துக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அறிமுகப்படுத்தியது. ஜூலை மாதப் பகலில் நின்றுபோன வண்டிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. இரண்டாவது பதிலில் அதைக் கைவிட்டு, கலப்பட எரிபொருள் என்கிறார்கள். ஆனால் டேங்க்கிலிருந்து டீசல் மாதிரி எடுத்ததாகவோ, உங்கள் முன்னிலையில் முத்திரையிட்டதாகவோ, ஆய்வகத்துக்கு அனுப்பியதாகவோ ஜாப் கார்டில் ஒரு சொல்லும் இல்லை. கண்ணால் பார்த்து எழுதிய முடிவு அது. வாரண்டி விலக்கைக் காட்டி மறுப்பவர் அந்த விலக்குக்கான அடிப்படையை நிறுவ வேண்டும் என்று நாம் வாதிடலாம். ஆனால் குறைபாட்டை முதலில் நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது என்பதை உச்ச நீதிமன்றம் 2021-இல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் மீண்டும் உறுதி செய்திருக்கிறது. ஆகவே அவர்களுடைய பலவீனம் தானாகவே உங்கள் பலமாகிவிடாது.

அந்த நிரூபணத்துக்குத் தேவையான பொருளையும் லேயிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். மாற்றிய பழைய பம்புக்கும் இன்ஜெக்டர்களுக்கும் ஈடாகப் புதியவற்றுக்கு நீங்கள் பணம் கட்டிய பிறகு, அந்தப் பழைய பாகங்கள் உங்களுடையவை. அவை இருந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி ஆய்வகச் சோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தைக் கேட்கலாம். இல்லையென்றால் சோதிக்க ஒன்றும் இல்லை. அவற்றை அழிக்காமல் ஒப்படைக்குமாறு சர்வீஸ் சென்டருக்கும் நிறுவனத்துக்கும் இந்த வாரமே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். ‘பழைய இரும்பாகப் போய்விட்டது’ என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். சான்றை அழித்தவர் அவர்கள் என்று காட்ட அது உதவும். வண்டியை எடுக்கும் அவசரத்தில் ‘பணி திருப்தி’ என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டது பெரிய கேடில்லை. அதற்கு மேல் ‘பழுதுக் காரணம்’ என்ற கட்டத்தில் அவர்கள் எழுதியதன் கீழும் கையெழுத்திட்டதுதான் வினை. மறுப்புத் தெரிவித்து அன்றே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

புது வண்டி கேட்பதை மறந்துவிடுங்கள். வாரண்டியில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாக மட்டும் சொல்லியிருக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் மாருதி உத்யோக் வழக்கில் கூறிவிட்டது. வண்டி உங்கள் தொழில் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால், வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்லர் என்ற ஆட்சேபமும் கட்டாயம் வரும். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கிய கார் விஷயத்தில் அந்த ஆட்சேபத்தை 2024-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்றாலும், உங்கள் வண்டி யாருக்காக, எதற்காக ஓடியது என்பதை ஆவணங்களோடு நீங்கள் காட்ட வேண்டும். சரக்கு மாதிரிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி சென்றதாக உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது.

இவை அனைத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: சமரசம் செய்துகொள்ளுங்கள். சோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் மாவட்ட ஆணையத்தில் வென்றாலும் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு, பிறகு அதற்கும் மேலே என்று சில ஆண்டுகள் ஓடும். பாதித் தொகை தருவதாக அவர்கள் முன்வந்தது உங்களை அவமதிப்பதற்காக அன்று. திருப்பூர் ஜாப் கார்டை அவர்களுடைய சட்டப் பிரிவும் படித்திருக்கிறது என்பதன் அடையாளமாகவே அதை நான் பார்க்கிறேன். பில்லின்படி உதிரிபாகங்களின் விலை மட்டும் 2.4 லட்சம் ரூபாய். அதில் முக்கால் பங்கைக் கேளுங்கள், அறுபது சதவீதம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். தொகையைவிட முக்கியமானது, மாற்றிய பம்புக்கும் இன்ஜெக்டர்களுக்கும் தனி வாரண்டியை எழுத்தில் வாங்குவதும், நீட்டிக்கப்பட்ட வாரண்டி ரத்தாகாது என்று உறுதி பெறுவதும்தான். ‘இவ்வண்டி தொடர்பான அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று அச்சிட்ட தாளை நீட்டுவார்கள். அதை அடித்து, ‘ஜூலை மாதப் பழுதின் செலவுக்கு மட்டும்’ என்று மாற்றாமல் கையெழுத்திட வேண்டாம். நாளை கியர்பாக்ஸில் கோளாறு வந்தால், அச்சிட்ட அந்த வரியைக் காட்டியே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பேச்சுவார்த்தை நடக்கும்போது காலவரம்பு நின்றுகொண்டிருக்காது. சட்டத்தின் 69-ஆவது பிரிவு தரும் இரண்டு ஆண்டுகளை, வாரண்டி மறுத்த முதல் மின்னஞ்சலின் தேதியிலிருந்து எண்ணுங்கள். அதற்குப் பின் நீங்கள் எழுதிய நினைவூட்டல்கள் அதை நீட்டிக்கமாட்டா. மூன்று மாதங்களுக்குள் சமரசம் கையெழுத்தாகவில்லை என்றால், தயாரிப்பு நிறுவனம், டீலர் ஆகிய இருவர் மீது மட்டும், பழுது பயணத்துக்கு முன்பே தொடங்கியது என்ற ஒரே வாதத்தோடு, திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அதில் எண்ணெய் நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலை நீங்களே முதல் சான்றாவணமாக வைத்து, காரணம் தெரியாத நிலையில் மலைமேல் இருந்து எழுதியது அது என்று விளக்கிவிடுங்கள். அதுவரை இந்தப் பழுதைப் பற்றி யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம், முகநூலில் போட்ட வீடியோவுக்கு வரும் கருத்துகளுக்குப் பதிலாகக்கூட.