குறட்டைக்குப் பல் வைத்தியரிடம் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. வான் ஓடுகிறார். கிழமைக்கு மூன்று நான்கு தரம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இரவு ஹயர் இருக்கும். வீட்டில் படுக்கிற நாளில் குறட்டை பக்கத்து வளவுக்கும் கேட்கும். இடையில் சத்தம் அப்படியே நின்றுபோகும். நான் எழும்பியிருந்து பார்ப்பேன். பிறகு ஒரு குலுக்கலோடு மூச்சை இழுத்துக்கொண்டு திரும்பத் தொடங்குவார். காலையில் தலையிடி என்பார். பிறஷருக்கு இரண்டு குளிசை எடுக்கிறார். கனடாவில் இருக்கும் என் தம்பி, வெந்நீரில் போட்டு இளக்கிக் கடிக்கிற பிளாஸ்டிக் பல்லுறை ஒன்றைக் குறட்டைக்கென்று அனுப்பியிருக்கிறார். பல் வைத்தியர்களும் இப்படி ஒன்று செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். மூக்கில் மெஷின் பூட்டிக்கொண்டு படுக்க இவர் சம்மதிக்கவே மாட்டார். பல்லுக்குப் போடுவது மட்டும் போதுமா? எங்கள் 7 வயது மகனும் வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறான். இது பரம்பரையா?
– வாசகி, கொக்குவில்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்த வரி, "இடையில் சத்தம் அப்படியே நின்றுபோகும்" என்பது. சத்தம் இருக்கும்வரை காற்று போய் வருகிறது. நிற்கிற இடத்தில்தான் ஆபத்து.

நித்திரையில் உடம்பின் தசைகள் தளரும். நாக்கும் ஒரு தசைதான். மல்லாந்து படுத்தால் அது பின்னுக்குச் சரியும். அண்ணத்தின் பின்பகுதியும் உள்நாக்கும் தொய்ந்து போகும். அந்த ஒடுங்கிய வழியால் காற்று போகும்போது தளர்ந்த சதை படபடப்பதையே குறட்டை என்கிறோம். வழி முழுதாக ஒட்டிக்கொண்டால் சத்தம் இராது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. 10 செக்கன் அல்லது அதற்கு மேல் அப்படி நின்றால் அதைத்தான் ஸ்லீப் அப்னியா என்கிறார்கள். நித்திரையில் வரும் மூச்சுத்தடை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும். நீங்கள் கேட்கிற அந்தக் குலுக்கலும் இழுப்பும் அதுதான். காலையில் கேட்டால் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இராது. "நான் நல்லாத்தானே படுத்தேன்" என்று உங்களையே குறை சொல்லுவார்.

மூச்சு நிற்பதும் பாதி அடைபடுவதுமாக மணித்தியாலத்துக்கு 5 தரம் வந்தாலே கணக்கில் எடுப்போம். 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால், விடிய விடிய ஒருவர் பக்கத்தில் இருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் உங்கள் தோளில் தட்டி எழுப்புவதற்குச் சமம். பிறஷர் இறங்காமல் நிற்பது, காலைத் தலையிடி, பகலில் தூங்கி விழுவது எல்லாம் இதோடு சேர்ந்து வரக்கூடியவை. சீனி வருத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, பாரிசவாதம் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு.

சரி, பல் வைத்தியருக்கு இதில் என்ன வேலை?

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். வேண்டுமென்றே குறட்டைச் சத்தம் எழுப்புங்கள். இப்போது கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வருமாறு நாடியை முன்னுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு அதே சத்தத்தை எழுப்பப் பாருங்கள். அநேகமாக வராது, வந்தாலும் சரியாக வராது. நாக்கின் அடி கீழ்த்தாடையோடு பிணைந்திருக்கிறது. தாடை முன்னுக்கு வந்தால் நாக்கும் கூட வரும், தொண்டை வழி திறக்கும். மயங்கிக் கிடப்பவரின் தாடையை முன்னுக்குத் தூக்கி மூச்சு வழியைத் திறக்கும் முதலுதவியும் இதுதான். இரவு முழுக்கத் தாடையை அப்படி முன்னால் பிடித்து வைத்திருக்க மேலுக்கும் கீழுக்குமாக ஒரு சோடித் தகடு செய்து தருகிறோம். யோசனை புதிதல்ல. சிறிய கீழ்த்தாடையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நாக்குப் பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதைப் பற்றி பிரான்ஸில் பியர் ரோபன் என்ற வாய், பல் மருத்துவர் 1923-இலேயே எழுதியிருக்கிறார்.

ஆனால் தகட்டுக்கு முன்னால் பரிசோதனை. இதை நான் அடம்பிடித்துச் சொல்வதற்குக் காரணம் என் சொந்தப் பிழை. பல வருடங்களுக்கு முன்னர் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் குறட்டைக்காக என்னிடம் வந்தார். வேறு ஒன்றும் பாராமல் தகடு செய்து கொடுத்தேன். ஒரு மாதத்தில் குறட்டை அடங்கிவிட்டது. அவருடைய மனைவி நன்றி சொல்லி ஒரு பை நிறையக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கொண்டுவந்து தந்தார். எட்டு மாதம் கழித்து, பிறஷர் இறங்கவில்லையே என்று அவருடைய பொது வைத்திய நிபுணர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். தகட்டோடும் மணிக்கு இருபதுக்கு மேல் மூச்சு தடைப்பட்டுக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும்தான் நான் நிறுத்தியிருந்தேன். அந்த வீட்டில் எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்தது நான்தான்.

அதனால் முதலில் குடும்ப வைத்தியரிடம் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் பொது வைத்திய நிபுணரின் கிளினிக்குக்கோ காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கோ போங்கள். நித்திரைப் பரிசோதனைக்கு அவர்கள் ஒழுங்கு செய்வார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் நோகிற விடயமில்லை. விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப், மூக்கடியில் மெல்லிய குழாய், நெஞ்சைச் சுற்றி ஒரு பட்டி, இவ்வளவோடு ஒரு இரவு படுக்க வேண்டும். போகும்போது போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்துப் போங்கள். சத்தம் நின்று திரும்பத் தொடங்குகிற இடம் அதில் இருக்கட்டும். நீங்கள் அரை மணி நேரம் விளங்கப்படுத்துவதை அது சொல்லிவிடும்.

எங்களிடம் வந்தால் வாய்க்குள் சில தடயம் பார்ப்போம். நாக்கை நீட்டச் சொன்னால் சிலருக்கு அதன் ஓரம் முழுக்கப் பல் பதிந்து, கொழுக்கட்டையின் ஓரத்தை விரலால் அமத்திவிட்டது போலப் பள்ளம் பள்ளமாக இருக்கும். வாய்க்குள் இடம் போதாத நாக்கு அது. இரவில் பல்லை நெருமி நெருமிக் கொடுப்புப் பல்லின் மேற்பரப்பு தட்டையாகியிருக்கும். அண்ணம் ஒடுங்கி உயர்ந்திருக்கும். கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும். "ஆ" என்று திறந்தால் உள்நாக்கே தெரியாது. இவை எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும், அவ்வளவுதான். வாயைப் பார்த்து மட்டும் இந்த நோய் என்று முடிவு சொல்கிற பல் வைத்தியரை நம்ப வேண்டாம். என்னையும் சேர்த்துத்தான்.

பரிசோதனையில் லேசானது அல்லது நடுத்தரம் என்று வந்தால், உங்கள் கணவருக்குத் தகடு நல்ல தெரிவு. கடுமையானது என்று வந்தால் முதலில் மெஷின்தான். அழுத்தக் காற்றால் தொண்டையைத் திறந்து வைக்கும் இந்தச் சிகிச்சையை அவுஸ்திரேலியாவில் கொலின் சல்லிவனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1981-இல் அறிவித்தார்கள். மூச்சுத்தடையைக் குறைப்பதில் இன்றைக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் மெஷின் வேலை செய்வது முகத்தில் இருக்கும் நேரம் மட்டும்தான். பலர் பாதி இரவில் கழற்றி வைத்துவிடுவார்கள். தகட்டை அதைவிடக் கூடுதலான நேரம் போட்டிருப்பார்கள். அதனால் லேசான, நடுத்தர நோயில் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக வந்து நிற்கும். கடுமையான நோய் உள்ளவர், மெஷினை உண்மையாகவே முயன்று பார்த்தும் முடியவில்லை என்றால், ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிடத் தகடு மேல்.

உங்கள் கணவரின் தொழிலையும் யோசித்தேன். விமானம் பிந்தினால் கட்டுநாயக்கவில் வானுக்குள்ளேயே சீற்றைச் சாய்த்துப் படுப்பவர், அங்கே மெஷினுக்கு எந்தப் பிளக்கைத் தேடுவார்? தகடு ஒரு சின்ன டப்பாவில் சேட் பொக்கெற்றுக்குள் அடங்கிவிடும்.

செய்கிற விதம் இதுதான். மேல், கீழ் பல்வரிசைகளை அச்செடுப்போம். வாய்க்குள் நிரப்புகிற பசை ஓரிரு நிமிடத்தில் இறுகிவிடும், ஓங்காளம் வருகிறவர்கள் மூக்கால் மூச்சு விட்டுச் சமாளிக்க வேண்டும். பிறகு தாடை எவ்வளவு தூரம் முன்னுக்கு வரும் என்று அளவுகோல் பூட்டிய, முள்ளுக்கரண்டி போன்ற ஒரு கருவியைக் கடிக்கவைத்து அளப்போம். ஒருவருக்கு 10 மில்லிமீற்றர் வருமென்றால் 5 அல்லது 6-இல் தொடங்கி, சில கிழமைகளுக்குள் சிறிது சிறிதாக முன்னுக்குத் திருகுவோம். ஒரேயடியாக முன்னுக்கு இழுத்தால் காதடி மூட்டு நொந்து, இரண்டாம் நாளே தகடு அலுமாரிக்குப் போய்விடும். சரியான இடத்துக்கு வந்ததும் தகட்டைப் போட்டுக்கொண்டே நித்திரைப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அன்று அந்த ஆசிரியருக்கு நான் செய்யாமல் விட்டது இதைத்தான். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தகடு போதிய பலன் தருவதில்லை. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்வது கடினம்.

முதல் கிழமைகளில் வாயூறும், அல்லது வாய் காயும். காலையில் பல் கூசும், கடி பொருந்தாதது போல இருக்கும். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பொதுவாகச் சரியாகிவிடும். வருடக்கணக்காகப் போட்டால் கீழ் முன்பற்கள் சற்று முன்னுக்கும், மேல் முன்பற்கள் சற்று உள்ளுக்கும் சாயலாம். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் எங்களிடம் காட்டச் சொல்வது இதனால்தான்.

எல்லா வாய்க்கும் இது சரிவராது. ஒவ்வொரு தாடையிலும் ஆட்டமில்லாத எட்டுப் பத்துப் பல்லாவது வேண்டும். முரசு வீங்கி இரத்தம் கசிகிறதென்றால் முதலில் அதற்கு வைத்தியம். இன்னொன்று, நீங்கள் எழுதவில்லை, நானாகக் கேட்கிறேன்: நித்திரை முழித்து ஓடுகிறவர்கள் பலர் கண் சொருகாமலிருக்க வெற்றிலையும் பாக்கும் போடுவார்கள். உங்கள் கணவரும் போடுவாரா? பாக்கு வருடக்கணக்கில் கன்னத்தின் உட்தோலை இறுக்கி வாய் திறப்பைக் குறைக்கும். அது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை. நடு மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி அவருடைய முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் குறட்டைக்காகக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் வாருங்கள்.

தம்பி அனுப்பியது பற்றி. அன்பாக அனுப்பியிருக்கிறார், குறை சொல்ல மனமில்லை. ஆனால் அப்படியான உறைகள் பல்லில் இறுக்கமாக நிற்பதில்லை, பலவற்றில் தாடையின் தூரத்தைப் படிப்படியாகத் திருத்தவும் முடியாது. முக்கியமாக, அது சத்தத்தைக் குறைத்துவிட்டால் இவர் பரிசோதனைக்கு வரவே மாட்டார். இப்போதைக்கு அது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. மல்லாந்து படுக்காமல் சரிந்து படுப்பது சிலருக்கு நன்றாக உதவும். படுக்கப் போகுமுன் கள்ளோ சாராயமோ வேண்டாம், வைத்தியரைக் கேளாமல் நித்திரைக் குளிசையும் வேண்டாம். இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். உடம்பு பருமன் என்றால் எடை குறைக்கப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, எடையில் 10 வீதம் குறைந்தால் மூச்சுத்தடைகள் கால்வாசி அளவு குறையும். தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுப்பதும் வீண் கதையல்ல. டிஜெரிடூ என்ற அவுஸ்திரேலியப் பழங்குடியினரின் நீள ஊதுகுழலை 25 பேரை வைத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் பழக்கிப் பார்த்த ஆய்வு 2006-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்தது. ஊதியவர்களுக்குப் பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன. அதற்காக இணுவிலுக்குப் போய் நாதஸ்வரம் பழகச் சொல்லவில்லை. அயலவர்கள் குறட்டையே பரவாயில்லை என்பார்கள்.

கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது: பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை இரவு ஹயரை வேறொரு சாரதியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். வருமானம் போகும், தெரியும். ஆனால் ஏ9 வீதியில் கிளிநொச்சி தாண்டி விடியற்காலை மூன்று மணிக்கு நேர் றோட்டில் நாலு செக்கன் கண் மூடினால், பின்னால் இருக்கிற பத்துப் பேருக்கும் அதே நாலு செக்கன்தான். பகலில் ஓடும்போதும் கண் சொருகினால் ஜன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டி வைப்பது எல்லாம் உதவாது. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் படுக்க வேண்டும்.

மகனின் கதை வேறு. தாடை, முக அமைப்பு தகப்பனைப் போல வரலாம், ஆனால் இந்த வயதில் குறட்டைக்குப் பெரும்பாலும் டொன்சிலும் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினொயிட் சதையும்தான் காரணம். பெரியவர்களுக்குச் செய்யும் தகடு அவனுக்கு வேண்டாம். காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் தகப்பனோடு அவனையும் காட்டுங்கள். மேல் அண்ணம் ஒடுங்கியிருந்தால் அதை விரிக்கிற வேலை பல் சீராக்கல் நிபுணருடையது, அதற்கு இந்த வயது பிந்தவில்லை. பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறானா, அல்லது ஒரு இடத்தில் இருக்காமல் துள்ளித் திரிகிறானா என்று ரீச்சரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். நித்திரை குறைந்த பிள்ளைகள் இரண்டு விதமாகவும் இருப்பார்கள்.