மேல்வீட்டு ஹேக்கிங், பக்கத்து மனை பைலிங்: யார் கதவைத் தட்டுவது?

கோலாலம்பூரில் அடுக்குமாடிகளை நிர்வகிக்கும் வேலையில் 14 வருடம் ஓட்டிவிட்டேன். இந்த முறை சத்தத் தொல்லை பற்றி மட்டும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் கொட்டிவிட்டன. நான் வழக்கறிஞன் இல்லை. புகார் கடிதங்களை வாங்கியும் எழுதியும் பழகிய ஆள், அவ்வளவுதான்.

செந்தூல், கொண்டோ 11-ஆம் மாடி: அண்ணே, எங்களுக்கு மேல்வீட்டில் ரெனோவேஷன். மூன்று வாரமாக ஹேக்கிங், சுவரையும் டைலையும் உடைக்கும் வேலை. கைக்குழந்தை இருக்கிறது. மதியம் தூங்கவைத்தால் பத்து நிமிடத்தில் அலறி எழுந்துவிடுகிறது. ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொன்னால் "பெர்மிட் இருக்கு" என்கிறார். அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை, தங்கச்சி. பெர்மிட் இருக்கிறது என்றால் நமக்குத்தான் நல்லது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உங்களுடையது ஸ்ட்ராட்டா கட்டடம்: வீடு தனித்தனி உடைமை, பொது இடத்துக்குக் கூட்டு நிர்வாகம். ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் 2013, அதாவது சட்டம் 757, அதன் கீழ் 2015-இல் வந்த விதிமுறைகள், இவை இரண்டும் உங்களுக்கும் மேல்வீட்டாருக்கும் பொது. விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் உள்ள துணைவிதிகளைப் படியுங்கள். நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் வீட்டில் ரெனோவேஷன் செய்யக்கூடாது. மற்றவர்களுக்குத் தொல்லை வரும்படி வீட்டைப் பயன்படுத்தவும் கூடாது. வீட்டுக்காரரை மட்டுமல்ல, வாடகைக்கு இருப்பவரையும் இது கட்டுப்படுத்தும்.

அந்த ஒப்புதல் கடிதத்தில் வேலை நேரம், நாட்கள், எந்த அறையில் என்ன உடைக்கலாம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் சாயம் அடிக்க ஒரு நேரம், ஹேக்கிங்குக்கு அதைவிடக் குறுகிய நேரம் என்று பிரித்திருப்பார்கள். டெபாசிட்டும் வாங்கியிருப்பார்கள். ஜாகாவிடம் சண்டை போடாதீர்கள், பாவம், அவருக்கு வாசலில் கையெழுத்து வாங்கும் வேலை மட்டும்தான். ஆபீசுக்குப் போய் மேனேஜரிடம் "ஒப்புதலில் உள்ள நேரமும் வேலை விவரமும் என்ன?" என்று கேளுங்கள். ஈமெயிலில் கேட்டால் இன்னும் நல்லது.

ஒருமுறை நானே மேலே ஏறிப் பார்த்தேன். பெர்மிட்டில் "குளியலறைச் சுவர் டைல்" என்று இருந்தது. உள்ளே போனால் தரை டைலையும் பெயர்த்து, அடியில் இருந்த நீர்க்காப்புப் பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்த கீழ்வீட்டு அம்மாவின் கூரையில் அடுத்த வாரமே மஞ்சள் கறை. அன்றிலிருந்து சத்தப் புகார் வந்தால் நான் முதலில் எடுப்பது பெர்மிட் நகலைத்தான்.

இன்னொன்று. போர்மேனின் போன் நம்பரை வாங்கி, எந்தெந்த நாளில் ஹேக்கிங் என்று கேளுங்கள். குளியலறை உடைப்பு இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை. அதை மூன்று வாரத்துக்குத் தூவி வைக்கிறவர்களிடம், சேர்த்து முடித்துவிடச் சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். அந்த நாட்களில் குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். அதோடு ஒரு நோட்டில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பெர்மிட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்.

அதே கட்டடம் மாதிரிதான், செராஸ்: நிர்வாகமே கண்டுகொள்ளவில்லை என்றால்?

அதற்கு மேலே கட்டட ஆணையர் இருக்கிறார். சிஓபி என்பார்கள். கோலாலம்பூரில் அந்தப் பிரிவு டிபிகேஎல் என்ற மாநகர மன்றத்துக்குள்தான். அங்கேயும் நகரவில்லை என்றால் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம். 2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும், பொதுவாக வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. அங்கே "பக்கத்து வீட்டான் சத்தம் போடுகிறான்" என்று போய் நிற்பதைவிட, "துணைவிதியை அமல்படுத்த வேண்டிய நிர்வாகம் தன் கடமையைச் செய்யவில்லை" என்று போய் நிற்பது வலுவான வாதம். தீர்ப்பாயத்தின் உத்தரவை மீறுவது குற்றம். நிர்வாகக் குழுவுக்கு இது தெரியும். அதனால் "தீர்ப்பாயம்" என்ற ஒரு சொல் கடிதத்தில் வந்தாலே சில ஆபீஸ்களில் பைல் நகர ஆரம்பித்துவிடும்.

கேபோங், தரைவீடு: பக்கத்து வீட்டில் பின்பக்கம் நீட்டிக் கட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட கிரைண்டர், வெல்டிங். குடியிருப்போர் சங்கத்திடம் சொன்னேன், அபராதம் போடுவோம் என்றார்கள். போட முடியுமா?

முடியாது, ஐயா. 200 ரிங்கிட் வரை அபராதம் போடும் அதிகாரம் ஸ்ட்ராட்டா நிர்வாகத்துக்குத்தான். அதுவும் கூட்டத்தில் முறையாகத் தீர்மானித்த துணைவிதி இருந்தால்தான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வாசலில் பூம் கேட் வைத்து ஜாகா போட்டிருந்தாலும் சங்கம் சங்கம்தான்.

நீங்கள் போக வேண்டிய இடம் டிபிகேஎல். சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974-இன் கீழ், நீட்டிக் கட்டுவதற்கு உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். அதனால் புகாரில் இரண்டு கேள்வியைச் சேர்த்தே கேளுங்கள்: இந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா, அனுமதியில் ஞாயிறு சேர்ந்திருக்கிறதா? சத்தத்தை மட்டும் எழுதினால் அதிகாரி வரும் நேரத்தில் அங்கே அமைதியாக இருக்கும். அனுமதியைப் பற்றிக் கேட்டால் அவர் பைலைத் திறந்தே ஆக வேண்டும். சத்தம் தொடர்ந்தால் உள்ளாட்சிச் சட்டம் 1976 இருக்கிறது. தொல்லையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரத்தை அது உள்ளாட்சி மன்றத்துக்குத் தருகிறது. டிபிகேஎல்லின் புகார்த் தளமான அடு அட் கேஎல் வழியாகப் போட்டு, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ப்புகாரை நம்பாதீர்கள்.

அதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை வேலிக்கு மேலே எட்டி நீங்களே பேசிப் பாருங்கள். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்த வீடாக இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

செத்தாப்பாக்: எங்கள் வரிசைக்குப் பின்னால் உயர்மாடி வருகிறது. பைலிங், அதாவது அடித்தளத் தூண்களை மண்ணில் இறக்கும் வேலை, நடக்கும்போது அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. சுவரில் விரிசல். இது அவர்களால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது?

இதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். சத்தம் நின்றதும் போய்விடும், விரிசல் போகாது.

எல்லா பைலிங்கும் ஒன்றல்ல. சுத்தியலால் அடித்து இறக்குவது சத்தமும் அதிர்வும் அதிகம். ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்தி இறக்குவதும் துளை போட்டு கான்கிரீட் ஊற்றுவதும் எவ்வளவோ சாந்தம். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வேலியில் உள்ள திட்டப் பலகையைப் போட்டோ எடுங்கள். மேம்பாட்டாளர், கண்டிராக்டர், பொறியாளர் எல்லாரும் அதில் இருப்பார்கள்.

இந்த மாதிரி வேலை தொடங்கும் முன் சுற்றியுள்ள வீடுகளை டைலாப்பிடேஷன் சர்வே என்று ஆள் வந்து படமெடுப்பது வழக்கம். உங்கள் வீட்டுக்கு வந்தார்களா? வந்திருந்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முன்பு இல்லாத விரிசல் இப்போது இருப்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. வரவில்லை என்றால் இன்றைக்கே நீங்கள் செய்யுங்கள். விரிசல் முடிகிற நுனியில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி. ஒரு ஸ்கேலை ஒட்டிவைத்துப் படம். இரண்டு வாரம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி தேதி. நான் பார்த்த ஒரு வீட்டில் தாத்தா ஒருவர் பூஜை அறைச் சுவரில் இப்படி ஐந்து கோடு போட்டிருந்தார். கண்டிராக்டரின் பொறியாளர் வந்து அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு கண்டிராக்டருக்கும் மேம்பாட்டாளருக்கும் கடிதம், டிபிகேஎல்லுக்கு நகல். விரிசல் தூணிலோ பீமிலோ இருந்தால் காத்திருக்க வேண்டாம், சொந்தமாக ஒரு கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பூச்சில் மட்டும் மயிரிழை விரிசல் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் குறித்து வையுங்கள்.

செகம்புட்: இரவு 1 மணிக்கு கான்கிரீட் லாரி. இது எப்படி அனுமதி?

கான்கிரீட் ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தினால் பழைய கலவையும் புதியதும் சரியாக ஒட்டாது. பெரிய அடித்தளத்தை ஒரே மூச்சில்தான் ஊற்ற வேண்டும். நெரிசல் நேரத்தில் கனரக லாரிக்குத் தடையும் இருக்கிறது. ஆகவே எப்போதாவது ஓர் இரவு என்றால் காரணம் இருக்கலாம். வாரத்துக்கு மூன்று இரவு என்றால் அது திட்டமிடத் தெரியாத கண்டிராக்டர். வேலை நேரம் ஒவ்வொரு திட்டத்தின் அனுமதி நிபந்தனையிலும் இருக்கும். நேரநீட்டிப்பு வாங்கியிருக்கிறார்களா என்று டிபிகேஎல்லிடம் கேளுங்கள்.

பங்சார்: போனில் டெசிபல் ஆப் 72 காட்டுகிறது. இது சட்டமீறலா?

அந்த எண்ணை வைத்து மட்டும் எதுவும் சொல்ல முடியாது. சுற்றுச்சூழல் துறையிடம் சத்த அளவுக்கான வழிகாட்டி இருக்கிறது. குடியிருப்புக்கு ஓர் அளவு, தொழிற்பேட்டைக்கு ஓர் அளவு, இரவு 10 முதல் காலை 7 வரை இன்னும் குறைவு. ஆனால் அது வழிகாட்டி. அளப்பதும் ஒரு நொடி உச்சத்தை அல்ல, ஒரு கால அளவின் சராசரியை, அளவு திருத்தப்பட்ட கருவியால். ஆப்பை உங்கள் நோட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாலான் சுல்தான் இஸ்மாயில் பக்கம்: பக்கத்து யூனிட் தினவாடகை. வெள்ளிக்கிழமை வந்தால் கூத்து.

2020-இல் கூட்டரசு நீதிமன்றம் மோண்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில், குறுகியகால வாடகையைத் தடுக்கும் துணைவிதியை நிர்வாகக் கழகம் போடலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கூட்டத்துக்கு வராமல் வாட்சப்பில் பொங்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ்: என் மேலேயே புகார்! காலை 5 மணிக்கு இட்லி மாவு அரைக்கிறேன், கடைக்குக் கொடுக்க வேண்டும். கீழ்வீட்டார் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கிரைண்டர் சத்தம் உங்களுக்குப் பழகிவிட்டது. கீழே இருப்பவருக்கு அது கூரை வழியாக வரும் அதிர்வு. கனமான ரப்பர் பாயை மடித்துக் கிரைண்டருக்கு அடியில் போடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பாதி அடங்கும். இரவு 9 மணிக்கு அரைத்துப் புளிக்கவைக்க வழியிருந்தால் மீதியும் அடங்கும். உரலில் சம்பல் இடிப்பதைத் தரையில் வைத்துச் செய்யாதீர்கள். அப்புறம், நாலு இட்லியோடு கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள்.

ஜார்ஜ்டவுன், பினாங்கு: பழைய கடைவீடு. பக்கத்துக் கடையில் பொதுச்சுவரை உடைக்கிறார்கள்.

ஜார்ஜ்டவுன் 2008 முதல் யுனெஸ்கோ மரபுடைமைப் பகுதி. அந்த எல்லைக்குள் சுவரைத் தொட பினாங்குத் தீவு மாநகர மன்றமான எம்பிபிபியின் அனுமதி வேண்டும். பொதுச்சுவர் உங்கள் கூரையையும் சேர்த்துத்தான் தாங்குகிறது. எம்பிபிபி அலுவலகம் உள்ள கொம்தாருக்கு இன்றே போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள். உங்கள் ஊரில் சத்தப் பஞ்சாயத்து ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது: கடைவீட்டு மாடிகளில் கூடு கட்ட உழவாரக்குருவியை இழுக்க ஒலிபெருக்கியில் ஓயாமல் கீச்சிட வைத்தார்கள்.

ஜிஞ்சாங்: நடுராத்திரி கராவோக்கே. போலீசா, டிபிகேஎல்லா?

வீட்டில் என்றால் அந்த நேரத்தில் போலீஸ்தான். பொதுத்தொல்லைக்குத் தண்டனைச் சட்டத்தின் 290-ஆம் பிரிவில் 400 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. கடையில் பாட்டு என்றால் பொழுதுபோக்கு உரிமம் இருக்கிறதா என்று மறுநாள் டிபிகேஎல்லைக் கேளுங்கள்.

வங்சா மாஜு: மேல்மாடியில் கோலி உருளும் சத்தம். அந்த வீடு காலி!

பேய் இல்லை, தம்பி. கட்டடத்தில் வேறு யாராவது குழாயை மூடும்போது தண்ணீர் இடிக்கும் சத்தம் அப்படிக் கேட்கலாம். பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

செந்தூல் 11-ஆம் மாடி, மறுபடியும்: அண்ணே, ஆபீசில் கேட்டேன். ஹேக்கிங்குக்கு 5 நாள்தான் ஒப்புதல். முடிந்து 16 நாள் ஆகிறது.

சொன்னேனே! இன்றே எழுதுங்கள். ஒப்புதல் முடிந்த தேதி, அதற்குப் பிறகு உங்கள் நோட்டில் உள்ள ஒவ்வொரு நாளும், நேரமும். வேலையை உடனே நிறுத்தச் சொல்லியும், டெபாசிட்டைத் திருப்பித் தரும் முன் துணைவிதி மீறலைப் பார்க்கச் சொல்லியும் இரண்டே கோரிக்கை வையுங்கள். கடிதத்தின் நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.