கால்மிதி பின்னிய மனிதன்

அன்புள்ள ஐயா,

வவுனியாவிலிருந்து படிக்க வந்தவன். ஜேர்மனியில் இது இரண்டாவது வருடம். போன கிழமை டொச் (ஜேர்மன் மொழி) வகுப்பில் ஹெல்முட் கொய்ட்னரின் 1956ஆம் ஆண்டுப் படம் 'கோப்பனிக்கின் கப்டன்' போட்டுக் காட்டினார்கள். பழைய உடுப்புக் கடையில் கப்டன் உடுப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு, தெருவில் போன சிப்பாய்களைக் கூட்டிப்போய், பெர்லினுக்குப் பக்கத்துக் கோப்பனிக்கின் நகர மண்டபத்தைப் பிடித்து மேயரையே கைது செய்த ஒரு மோசடிக்காரனின் கதை. நன்றாகச் சிரித்தோம். ஆனால் யுத்தம் முடிந்து பதினொரு வருடத்தில் ஹிட்லரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ஜேர்மன் பேரரசர் கைசர் காலத்துச் சீருடை மோகத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பது தப்பித்தல் இல்லையா? நாஜிகள் காலத்திலும் புகழோடு நடித்த, இதில் கப்டனாக வருகிற ஹெய்ன்ஸ் ரூமானை எப்படி ரசிப்பது? இப்படியான படங்கள் பார்த்தால் டொச் வருமா?

ர.

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வராது. படத்தின் நாயகன் ஃபோக்ட் பேசுவது பெர்லின் பேச்சு, உம்முடைய பரீட்சைக்கு அது உதவாது.

ரூமான் 1938இல் தன் யூத மனைவியை விவாகரத்துச் செய்தவர், அந்த ஆட்சியில் பெரிய நட்சத்திரமாக இருந்தவர். ரசியும், ஆனால் மறக்கவேண்டாம். அதற்குமேல் இன்று அதற்குள் போகவில்லை.

தப்பித்தல் என்கிறீர். 1955 நவம்பரில் மேற்கு ஜேர்மனி புதிய இராணுவம் அமைத்தது. 1956 யூலையில் கட்டாய இராணுவ சேவைக்குச் சட்டம் வந்தது. ஓகஸ்ட்டில் இந்தப் படம் வந்தது. சீருடையைக் கண்டதும் எழும்பி நிற்கிற கால்கள் யாருடையவை என்று அன்று தியேட்டரில் இருந்தவர்களுக்கு ஆரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பெயர் சொன்னால்தான் பேசியதாகுமா?

உம்முடைய கடிதத்தில் என்னைச் சுட்டது ஒரு சொல். 'மோசடிக்காரன்.' அகதி முகாம்களுக்குள்ளால் வந்த ஒரு இனத்துப் பிள்ளை இந்தச் சொல்லை இவ்வளவு சுளுவாக எழுதலாமா? படத்தைப் பார்த்தீரா, சிரித்துவிட்டு எழும்பிப் போனீரா?

அந்த மனிதன் நகர மண்டபத்துக்குள் எதைத் தேடிப் போனான் என்று யோசித்துப் பாரும். பாஸ்போட். படத்தின் தொடக்கத்தில் பொலிஸ் நிலையத்தில் வதிவிட அனுமதி கேட்கிறான். முதலில் வேலை எடுத்துக்கொண்டு வா என்கிறார்கள். வேலைக்குப் போனால் முதலில் வதிவிடப் பத்திரத்தைக் காட்டு என்கிறார்கள். ஒன்றின் வாசலில் மற்றது பூட்டாக நிற்கிறது. கடைசியில் கப்டன் உடுப்பில் போய் மேயரைக் கைது செய்தபிறகுதான் தெரியவருகிறது, கோப்பனிக்கில் பாஸ்போட் பிரிவே கிடையாது. நீங்கள் எல்லோரும் அந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். எனக்கு இன்றுவரை அந்த இடத்தில் சிரிப்பு வந்ததில்லை.

வில்ஹெல்ம் ஃபோக்ட் உண்மையாகவே வாழ்ந்த சப்பாத்துத் தொழிலாளி. 1906 பெப்ரவரியில் பதினைந்து வருடச் சிறை முடிந்து வெளியே வந்தான். விஸ்மார் நகரில் ஒரு சப்பாத்துக் கடையில் ஒழுங்காக வேலை செய்தான். பொலிஸ் வெளியேற்றியது. பெர்லினில் சகோதரி வீட்டுக்கு வந்தான். ஓகஸ்ட்டில் அங்கிருந்தும் வெளியேற்றியது. ஒக்டோபர் 16இல் அந்த உடுப்பைப் போட்டான். பெட்டகத்திலிருந்து 3,557 மார்க் எடுத்தான், அவனுக்குக் காசுதான் குறி என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும். அந்த இரண்டு வெளியேற்றங்களும் பொய்யாகிவிடாது.

1985இல் நான் ஷூனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, கிழக்கு பெர்லினுக்குள்ளால் ரயிலில் மேற்குக்குப் போனவன். அந்த விமான நிலையத்துக்குக் கிட்டத்தான் கோப்பனிக் என்று அன்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு சிறு நகரத்தில், பழைய ஹோட்டல் ஒன்றை முகாமாக்கி ஒரு அறையில் ஆறு பேரை விட்டிருந்தார்கள். என் பக்கத்துக் கட்டிலில் பருத்தித்துறையில் தையல்கடை வைத்திருந்த அண்ணை. அகதி கேஸ் போட்டிருந்த எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இருக்கவில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அண்ணையின் மச்சான் ஐம்பது கிலோமீற்றர் தள்ளி இன்னொரு மாவட்டத்தில் செத்துப்போனார். போய்வரக் கேட்ட அனுமதி அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தது.

அண்ணையின் கை சும்மா இருக்காது. முகாமில் கொடுத்த சாம்பல் நிறப் போர்வையின் விளிம்பைப் பிரிப்பார், திரும்பத் தைப்பார். ஊசி ஏறுகிற தூரம் ஒரு நூலளவும் பிசகாது. தைத்து முடிந்ததும் பிளேட்டால் மறுபடியும் பிரிப்பார். ஒரு மாரிகாலம் முழுக்க அந்த ஒரே போர்வைதான்.

ஒருநாள் இரவு கூடத்துத் தொலைக்காட்சியில் இந்தப் படம் போனது. ரூமான் கப்டன் உடுப்போடு வந்ததும் அண்ணை சொன்னார்: "தோளைப் பார். இது வேற ஆளுக்கு வெட்டின கோட்." அண்ணை சொன்னது சரி. அந்த உடுப்பு கைமாறிக் கைமாறி வந்தது. அதை ஒருகாலத்தில் போட்டிருந்தவர்களில் ஒருவர்தான் இப்போது கைதாகிற மேயர்.

அதற்கு முன்னாலேயே அந்தக் காட்சி வந்திருந்தது. சகோதரி வீட்டில் இருந்த நோயாளிப் பெண்ணை அடக்கம் செய்த நாள். அன்றுதான் வெளியேற்ற உத்தரவும் வருகிறது. ஃபோக்ட் மைத்துனனோடு சண்டை பிடிக்கிறான். நான் செத்துக் கடவுளுக்கு முன்னால் நிற்பேன், உன் சீவியத்தை என்ன செய்தாய் என்று கேட்பார், கால்மிதி என்று சொல்லவேண்டும், சிறையில் இருந்து பின்னினேன், எல்லாரும் அதிலே மிதித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லவேண்டும் என்கிறான்.

"என்ன சொல்லுறான்?" என்றார் அண்ணை. எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சில் விளங்கியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மடியில் கிடந்த போர்வையை நாலாய் மடித்துப் பக்கத்துக் கதிரையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் அதன் விளிம்பைத் தொட்டு நான் காணவில்லை.

தம்பி, அந்த வசனத்தை எழுதிய கார்ல் ஸுக்மையர் யாரென்று தேடிப் பார்த்தீரா? 1931இல் மேடையேறிய அவருடைய நாடகம்தான் இந்தப் படம். திரைக்கதையிலும் அவர் கை உண்டு. 1933க்குப் பிறகு அவருடைய நாடகங்கள் தடைசெய்யப்பட்டன. 1938இல் ஒஸ்ரியாவிலிருந்து சுவிசுக்கு ஓடினார். 1939இல் ஜேர்மன் குடியுரிமையைப் பறித்தார்கள். பாஸ்போட் இல்லாதவனைப் பற்றி எழுதியவரே பாஸ்போட் இல்லாதவரானார். அமெரிக்காவில் வெர்மொண்டில் பண்ணை வைத்துக் காலம் தள்ளினார். ஹிட்லரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று எழுதுகிறீரே, அந்தக் கால்மிதிப் பேச்சை இதைத் தெரிந்துகொண்டு திரும்ப ஒருதரம் கேளும். இந்தமுறை வகுப்போடு இருந்து வேண்டாம், தனிய இருந்து பாரும்.

அண்ணைக்கு விசா கிடைக்கப் பல வருடம் சென்றது. இப்போது சொந்தமாகத் தையல்கடை வைத்திருக்கிறார். போன கோடையில் இரண்டு பேரும் கோப்பனிக் போனோம். நகர மண்டப வாசலில் ஃபோக்டுக்கு 1996இல் வைத்த வெண்கலச் சிலை நிற்கிறது, கப்டன் உடுப்போடு. ஆட்கள் வரிசையாக நின்று படம் எடுத்தார்கள். அண்ணை சிலையைச் சுற்றி வந்து தோளையும் முதுகையும் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"கையிலே ஒரு பாஸ்போட்டைக் குடுத்தெல்லோ வைச்சிருக்கோணும்," என்றார்.