சுட்ட கணவாயில் சத்து உண்டா, கொலஸ்ட்ரால் ஏறுமா?

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடி, "முதலில் கணவாயை நிறுத்து" என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

அப்பா தூத்துக்குடியில் நாற்பது வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவர். ஓய்வுக்கு அப்புறம் கொலஸ்ட்ரால் 230 என்று வந்தது. சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு, எங்கள் வீட்டில் வாங்கும் ஓட்டுக்கணவாயை (உடம்புக்குள் வெள்ளை ஓடு இருக்கும் கணவாய் வகை) அடியோடு நிறுத்தினோம். சாயங்கால வடையும் ராத்திரி பொரிச்ச பரோட்டாவும் மட்டும் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் 241. "வெளியே பொரித்தது என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்டார். வடையும் பரோட்டாவும் நின்றன, வாரம் ஒருமுறை கணவாய் திரும்ப வந்தது, எண் 200க்கு இறங்கியது. மாத்திரையும் எடுத்தார், அதை நான் மறைக்கவில்லை.

100 கிராம் பச்சை ஓட்டுக்கணவாயில் புரதம் சுமார் 16 கிராம். கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. இரும்பு 6 மில்லிகிராம், பி12, செலினியம், செம்பு எல்லாம் உண்டு. அதன் ரத்தம் நீலமாக இருப்பதே அந்தச் செம்பினால்தான். கொலஸ்ட்ரால் சுமார் 110 மில்லிகிராம். இல்லை என்று நான் சொல்லவே இல்லை, ஒரு முட்டையில் அதைவிட அதிகம் என்கிறேன். சுட்டால் நீர் வற்றிச் சுருங்கும், அதனால் பச்சை எடையை வைத்தே கணக்குப் போடுங்கள். யூரிக் அமிலத் தொல்லையோ, கணவாய், இறால் ஒவ்வாமையோ உள்ளவர்களுக்கு இது பொருந்தாது.

சுடுவது அப்பாதான். ஓட்டை உருவி, மைப்பையை உடையாமல் எடுத்து, தோலை உரித்து, சதையைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவார். மிளகு, மஞ்சள், எலுமிச்சை போதும். கடல் உப்பு அதிலேயே இருப்பதால் உப்பு கொஞ்சம்தான். கருவேலங்கரித் தணலில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். கண்ணாடி மாதிரி இருந்த சதை பால் வெள்ளையாகி ஓரம் சுருண்டதும் எடுத்துவிட வேண்டும், விட்டால் ரப்பர்தான்.

ஆனால் நல்ல கணவாய் எங்களுக்கு எங்கே கிடைக்கிறது? பெரியதெல்லாம் ஏலத்திலேயே ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதைச் சாப்பிடுகிறார்கள். வாழ்நாளெல்லாம் பிடித்துக் கரை சேர்த்தவர், சந்தையில் மிச்சமிருக்கும் கையளவுக் கணவாயில் கால் கிலோவுக்குப் பேரம் பேசுகிறார்.