மகள் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பேச்சும்

கேள்வி: என் கணவர் குவைத்தில் இருக்கிறார். ஒன்பதாவது படிக்கும் மகள், குடியியலில் ஆண் பெண் சமஉரிமை பற்றிப் படித்துவிட்டு, “வாப்பா இருக்கிற நாட்டில் பெண்களுக்கு ஓட்டு உண்டா உம்மா?” என்கிறாள். இதையெல்லாம் படித்தால் பிள்ளை தீனை, அதாவது மார்க்கத்தை, விட்டுப் போய்விடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். என்ன சொல்வது?
– வாசகி, தேங்காய்ப்பட்டணம்

பதில்: முதலில் பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடுவோம். அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை 2005-இல் வந்தது, 2009 தேர்தலில் நான்கு பெண்கள் நாடாளுமன்றத்துக்கே போனார்கள். ஆனால் குவைத்துப் பெண் வெளிநாட்டுக்காரரைக் கட்டினால், பிள்ளைக்குப் பொதுவாக அவள் வழியாகக் குடியுரிமை கிடைக்காது, அப்பா வழியாகத்தான். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டாருக்கு துனிசியாவைக் காட்டலாம். முஸ்லிம்கள் வாழும் நாடுதான். 1956-லேயே பலதார மணத்தைத் தடுத்து, கல்யாணத்துக்குப் பெண்ணின் சம்மதம் வேண்டும், மணவிலக்கு கேட்க அவளுக்கும் உரிமை உண்டு என்று சட்டம் போட்டார்கள். சட்டம் வந்தால் போதுமா, பாடப்புத்தகமும் மாற வேண்டுமே! மனித உரிமைக்காரரான முகமது ஷர்ஃபி 1989-இல் கல்வி அமைச்சரானதும் குடியியலோடு இஸ்லாமியப் பாடத்தையும் சேர்த்தே திருத்தி எழுதவைத்தார், 1991 சட்டம் ஆறு வயதிலிருந்து பதினாறு வரை ஆண், பெண் இருவருக்கும் பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே இன்றைக்கும் ஐந்து வேளை பாங்கு கேட்கத்தான் செய்கிறது.

எனக்கு உண்மையில் கவலை வேறு. தக்கலைப் பக்கம் நான் படித்த பள்ளியில் சமத்துவப் பாடம் நடத்திய அதே சார், மணி அடித்ததும் விளக்குமாற்றை எங்களிடமும் சாக்பீஸை பையன்களிடமும் கொடுப்பார். லீடர் எப்போதும் பையன்தான். புத்தகத்தில் படித்ததை அந்த விளக்குமாறு தினமும் அழித்துவிட்டுப் போகும், அது எனக்கு இன்றும் வலிக்கிறது. உங்கள் மகளின் வகுப்பில் யார் லீடர், யார் கூட்டுகிறார்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். பையன் இருந்தால் அவனும் வீட்டில் தட்டு கழுவட்டும்.

அப்புறம், நம் ஊராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இலேயே சட்டம் வந்தாயிற்று. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள் சகோதரி. ஓட்டுப் போடும் வயது ஆகாவிட்டால் என்ன, தலைவி பேசுகிறாரா அல்லது பக்கத்தில் உட்கார்ந்த அவர் வீட்டுக்காரர் பேசுகிறாரா என்று அவளே பார்த்து வந்து வாப்பாவிடம் போனில் சொல்லட்டும்.